புனிதருக்குத் தீர்த்த கடனும் ஓவியருக்குத் தீராத கடனும்

நேர்த்திக்கடன் என்பது நம்மவர் அன்றாடம் பயன்படுத்தும் சொல். தெய்வத்தை நோக்கி வைக்கும் வேண்டுதலை வெறும் விருப்பமாகக் கொள்ளாமல் கடனாகக் கொண்டது தமிழரின் நுண்ணறிவு. கடன் என்றால் கொடுக்க வேண்டியவர் ஒருவரும் பெற வேண்டியவர் ஒருவரும் இருக்கவேண்டும். தொகை இருக்கவேண்டும். தவறினால் கேட்பதற்கு ஒருவர் இருக்கவேண்டும். இத்தாலியின் தென்பகுதியிலுள்ள நேப்பிள்ஸ் நகரத்தின் பேராலயத்தினுள் அமைந்திருக்கும் புனித ஜனுவாரியுஸ் சிற்றாலயத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்தச் சொல்லே எனது நினைவுக்கு வருகின்றது. ஏனெனில் அந்த நகரத்து மக்கள் தமது புனிதரோடு செய்துகொண்ட நேர்த்தியை நொத்தாரிசு ஒருவரின் முன்னிலையில் உறுதியாகவே எழுதி முடித்தவர்கள்.

சான் ஜென்னாரோ என்று நேப்பிள்ஸ் மக்கள் அழைக்கும் இப்புனிதர் ஓர் ஆயர். உரோமப் பேரரசன் டயோக்கிளீசியன் காலத்தில், கி.பி. 305 ஆம் ஆண்டளவில், நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள பொஸ்ஸுவோலி என்னுமிடத்தில் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியாக இறந்தவர் என்பது திருச்சபை மரபு. அவருடைய இரத்தம் எனப் போற்றப்படும் உறைந்த பொருள் கண்ணாடிக் குப்பிகளில் பாதுகாக்கப்படுகின்றது. ஆண்டில் மூன்று முறை, அதாவது மே மாதத்தின் முதலாம் ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமையும், செப்டெம்பர் 19 ஆந் திகதியும், டிசெம்பர் 16 ஆந் திகதியும் அது உருகித் திரவமாகின்றதா என்று காண மக்கள் திரளுவார்கள். இதனை அற்புதம் என்று திருச்சபை அதிகாரபூர்வமாக அறிவித்ததில்லை. இரத்தத்தைப் பற்றி எழுதுவோர் உலகெங்கும் உளர். நான் எழுத விரும்புவது அந்த இரத்தத்தை வைத்திருக்கும் சிற்றாலயத்தின் சுவர்களையும் கூரையையும் பற்றியே.

1527 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆந் திகதி. புனிதரின் திருப்பண்டங்கள் நேப்பிள்ஸுக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டதன் முப்பதாவது ஆண்டு நிறைவு நாள் அது. நகரம் கொள்ளைநோயால் வாடிக்கொண்டிருந்தது. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலான போர் வாசலில் நின்றது. வெசுவியஸ் எரிமலையின் அச்சம் எந்நாளும் உள்ளது. இந்நிலையில் நகரத்தின் பிரதிநிதிகள் பேராலயத்தில் கூடி, தம்மைக் காத்தால் புனிதருக்குப் புதிய சிற்றாலயம் ஒன்றைக் கட்டித் தருவதாக வாக்களித்தனர். சிற்றாலயத்துக்குப் பத்தாயிரம் டுக்காட், நற்கருணைப் பேழைக்கு ஆயிரம் டுக்காட் எனத் தொகையும் குறிக்கப்பட்டது. நொத்தாரிசு எழுதினார். பிரதிநிதிகள் ஒப்பமிட்டனர். உயிரோடிருந்து பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழிந்த ஒருவருடன் ஒரு நகரம் சட்டப்படி உடன்படிக்கை செய்துகொண்டது.

கடனைத் தீர்க்கத் தாமதமாயிற்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1601 ஆம் ஆண்டிலேயே இதற்கெனப் பிரதிநிதிகள் சபை அமைக்கப்பட்டது. நகரத்தின் நிர்வாகப் பிரிவுகள் ஆறு. அவற்றில் ஐந்து பிரபுக்களுடையவை, ஒன்று பொதுமக்களுடையது. ஒவ்வொன்றிலிருந்தும் இருவர் வீதம் பன்னிரண்டு பேர் சபையில் அமர்ந்தனர். தியத்தீன் சபைத் துறவியான கட்டடக் கலைஞர் பிரான்செஸ்கோ கிரிமால்டியின் திட்டப்படி 1608 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சிற்றாலயம் அபிஷேகம் செய்யப்பட்டது 1646 இல். வாக்குறுதிக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையில் 119 ஆண்டுகள். ஆனால் தீர்த்தபோது வட்டியும் முதலுமாகத் தீர்த்தார்கள் என்பதை அதன் அலங்காரங்களைப் பார்க்கும் எவரும் ஒப்புக்கொள்வர்.

பேராலயத்தின் வலப்புறத்தில் கொசிமோ பன்ஸாகோ வடிவமைத்த பொன்னிறமான உலோகக் கதவு நிற்கின்றது. அதன் கம்பிகளைத் தட்டினால் வெவ்வேறு சுரங்கள் ஒலிக்கும் என்பது அவ்வூரார் பெருமையோடு சொல்லும் செய்தி. உள்ளே ஏழு பீடங்கள், வண்ணச் சலவைக்கற்கள், சுவர்மாடங்களில் வெண்கலச் சொரூபங்கள். அவற்றின் கீழே நகரத்தின் துணைப் பாதுகாவலர்களாக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஏனைய புனிதர்களின் வெள்ளியாலான மார்பளவுச் சொரூபங்கள் ஐம்பதுக்கும் மேல். ஒரு பாதுகாவலர் போதாது என்று ஐம்பது பேரைச் சேர்த்துக்கொண்ட நகரம் எத்தனை ஆபத்துகளைக் கண்டிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பிரதான பீடத்தின் முகப்பில் ஜியோவன் டொமெனிக்கோ வினாச்சா 1695 இல் முடித்த வெள்ளிப் புடைப்புச் சிற்பம். 1497 இல் பேராயர் கராஃபா புனிதரின் எலும்புகளை நகருக்குக் கொண்டுவந்த காட்சி, குதிரையும் கூட்டமுமாக, சந்தை இரைச்சல் காதில் விழுவதுபோல் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றது.

இவற்றையெல்லாம் விட விலைமதிப்பு மிக்க பொருட்கள் உண்டு. அஞ்சூ வம்சத்து மன்னன் இரண்டாம் சார்ள்ஸ் 1305 ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுப் பொற்கொல்லர்களைக் கொண்டு செய்வித்த பொன்முலாம் பூசிய மார்பளவுச் சொரூபத்தில் புனிதரின் மண்டையோட்டு எலும்புகள் வைக்கப்பட்டன. அதற்கு அணிவிப்பதற்கென்று மத்தேயோ திரெல்யா 1713 இல் செய்த ஆயர்முடியில் வைரமும் மரகதமும் மாணிக்கமுமாக 3,694 கற்கள். 1679 இல் தொடங்கப்பட்ட கழுத்தணியில் பின்வந்த அரச குடும்பத்தவர் ஒவ்வொருவரும் தமது பங்குக்கு ஒரு மணியையோ சிலுவையையோ சேர்த்தனர். நெப்போலியனின் தமையன் ஜோசப் சேர்த்தார். நெப்போலியனின் மைத்துனன் முராத் 1808 இல் கதிர்ப்பாத்திரம் ஒன்றைக் காணிக்கையாக்கினான். மற்ற இடங்களில் தேவாலயச் சொத்துகளைச் சூறையாடிய பிரெஞ்சுப் படையெடுப்பின் வாரிசுகள் இங்கு வந்து கொடுத்துவிட்டுச் சென்றனர்.

இந்தத் திரவியம் பிரித்தானிய முடியரசின் அணிகலன்களை விட மதிப்பு மிக்கது என்ற செய்தி பல ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் வலம்வருகின்றது. தலைப்புக்கு அலையும் எங்கள் தொழிலுக்கு இத்தகைய ஒப்பீடு மிகவும் வசதியானது. ஆனால் விற்பனைக்கு ஒருபோதும் வராத இரண்டு பொருட்களில் எது விலை கூடியது என்ற கேள்விக்குப் பொருளில்லை. வியப்புக்குரியது வேறொன்று. இத்தனை போர்களுக்கும் ஆட்சி மாற்றங்களுக்கும் பின்னரும் இந்தத் திரவியம் சிதறாமல் இருப்பதே அது.

அதற்குக் காரணம் அந்தப் பழைய உறுதிதான். சிற்றாலயம் பேராலயத்தின் சுவருக்குள் இருந்தாலும் அது பேராயருக்குச் சொந்தமானதன்று. மன்னருக்கும் சொந்தமானதாக இருக்கவில்லை. நேர்ந்தது நகரம். ஆகவே உடைமை நகரத்துக்கு. 1601 இல் தோன்றிய பிரதிநிதிகள் சபை இன்றும் இயங்குகின்றது. நகர முதல்வரே பதவி வழியாக அதன் தலைவர். இரண்டாம் உலகப் போரின்போது திரவியங்கள் பாதுகாப்புக்காக நகரை விட்டு அகற்றப்பட்டு, இறுதியில் வத்திக்கானில் வைக்கப்பட்டன. 1947 இல் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஜியூசெப்பே நவார்ரா. பொஜ்ஜோரெயாலே பகுதியின் அரசன் என்று ஊரார் பட்டம் சூட்டியிருந்த, பள்ளிப்படிப்பை விட உலக அனுபவம் கூடிய மனிதர். கொள்ளையர் நிறைந்த பாதைகளில் மோட்டார் வாகனத்திலே கொண்டுவந்து சேர்த்தார்.

2016 ஆம் ஆண்டில் இத்தாலிய உள்துறை அமைச்சின் ஆணை ஒன்று இந்தச் சபையைத் தேவாலயப் பராமரிப்பு அமைப்புகளின் வகையில் சேர்க்க முயன்றது. உறுப்பினர் நியமனத்தில் மறைமாவட்டத்துக்கும் பங்கு கிடைக்கும் என்பதே அதன் விளைவு. நேப்பிள்ஸ் மக்கள் பேராலயத்தில் கூடி வெள்ளைக் கைக்குட்டைகளை அசைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். இரத்தம் உருகியதும் அதை அறிவிக்க அசைக்கப்படுவது வெள்ளைக் கைக்குட்டையே என்பதை அறிந்தால் இந்த எதிர்ப்பின் அழகு விளங்கும். பக்தியின் அடையாளத்தை உரிமைக் கொடியாக மாற்றிய மக்கள் அவர்கள். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுப் பழைமையான உறுதியொன்று இன்னும் உயிரோடிருப்பதை அன்று உலகம் கண்டது.

புனிதரும் இந்தக் கணக்கிலிருந்து தப்பியவரல்லர். இரத்தம் உருகத் தாமதமானால், முன்வரிசையில் நின்று செபிக்கும் முதிய பெண்கள் பொன்முகச் சொரூபத்தைப் பார்த்து, மஞ்சள் முகத்தவனே என்று உரிமையோடு ஏசுவது வழக்கம். 1799 இல் பிரெஞ்சுப் படையின் காவலில் குடியரசு நிறுவப்பட்டபோது பிரெஞ்சுத் தளபதிகளின் முன்னிலையில் இரத்தம் உருகியது. குடியரசு கவிழ்ந்ததும், பகைவருக்குத் துணைபோனவர் என்று குற்றஞ்சாட்டி ஜனுவாரியுஸைப் பதவியிறக்கி, பதுவைப் பதியரான புனித அந்தோனியாரைப் பாதுகாவலராக்கினர். சில ஆண்டுகளில் கோபம் தணிந்தது; பழையவர் மீண்டார். உடன்படிக்கை இரு தரப்பையும் கட்டும் என்று நம்பிய மக்களே இப்படி நடப்பர்.

இதுவரை எழுதியது அந்த மக்களின் பெருமை. இனி எழுதப்போவது அந்தப் பெருமையின் அடியில் மறைந்துகிடக்கும் ஒரு கணக்கு.

சிற்றாலயத்தின் கட்டடம் எழுந்ததும் அதன் குவிமாடத்துக்கும் சுவர்களுக்கும் பீடங்களுக்கும் ஓவியம் தீட்ட வேண்டியிருந்தது. இத்தாலியிலேயே மிகச் சிறந்த கைகள் வேண்டும் என்று சபை முடிவெடுத்தது. ரோமிலும் பொலோஞாவிலும் புகழ்பெற்றிருந்தவர்களை அழைத்தது. நேப்பிள்ஸில் தொழில் செய்துகொண்டிருந்த ஓவியர்களுக்கு இது பொறுக்கவில்லை. அந்நாளில் அந்நகரத்தின் மிகப் பெரிய ஒப்பந்தம் இதுவே. அவர்களுட் சிலரின் மாதிரி வேலைகளும் பரீட்சித்துப் பார்க்கப்பட்டன, சபைக்குத் திருப்தியில்லை.

1620 களின் தொடக்கத்தில் பொலோஞாவிலிருந்து குயிதோ ரேனி அழைக்கப்பட்டார். அவருடைய உதவியாளர் தாக்கப்பட்டுக் காயமடைந்தார். தாக்குதலைத் தூண்டியவர் என்ற சந்தேகத்தின்பேரில் பெலிசாரியோ கொரென்ஸியோ என்ற ஓவியர் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் விடப்பட்டார். ரேனி மூட்டைகட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அடுத்து வந்தவர் ரேனியின் மாணவர் பிரான்செஸ்கோ ஜெஸ்ஸி. அவருடைய உதவியாளர் இருவரைக் கப்பலொன்றைப் பார்க்க வருமாறு ஆசைகாட்டி அழைத்துச் சென்றனர். அவர்கள் ஏறியதும் கப்பல் புறப்பட்டுவிட்டது. ஜெஸ்ஸியும் ஊரை விட்டு நீங்கினார்.

1631 இல் வந்தவர் டொமெனிக்கீனோ. இயற்பெயர் டொமெனிக்கோ ஸம்பியேரி. 1581 இல் பொலோஞாவில் பிறந்தவர். கராச்சி சகோதரர்களின் கலைக்கூடத்தில் பயின்றவர். நிதானமாக, ஒவ்வோர் உருவத்தையும் பலமுறை வரைந்து பார்த்தே தூரிகையை எடுப்பவர். இதனால் உடன்பயின்றவர்கள் அவரை எருது என்று கேலி செய்தனர். அந்த எருது உழும் நிலம் ஒருநாள் விளையும் என்று ஆசிரியர் அனிபாலே கராச்சி பதிலளித்ததாகச் சொல்வார்கள். புனித ஜெரோம் இறுதி நற்கருணை பெறும் காட்சியை 1614 இல் அவர் வரைந்த ஓவியம் இன்று வத்திக்கான் ஓவியக்கூடத்தின் சிறந்த படைப்புகளுள் ஒன்று.

ஒப்பந்தம் விசித்திரமானது. முழு உருவம் ஒன்றுக்கு 100 டுக்காட், அரை உருவத்துக்கு 50, தலை மட்டும் என்றால் 25. இன்று பத்திரிகைகளில் பத்தி எழுத்தாளருக்குச் சொல்லை எண்ணிக் கூலி கொடுப்பது போன்றது இது. குவிமாடத்தைத் தாங்கும் நான்கு மூலைகளிலுள்ள முக்கோண வளைவுகளில் அவர் தீட்டியவற்றைப் பார்த்து, கூலிக்காகவே உருவங்களை அடைத்துவைத்தார் என்று இகழ்வோர் உளர். பத்து ஆண்டுகளில் அவர் செய்து முடித்த வேலையின் அளவையும், ஒவ்வொரு முகத்துக்கும் அவர் எடுத்த சிரமத்தையும் அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். கூலிக்கு வரைபவன் எருதாக இருக்கமாட்டான்.

அவர் வந்து சேர்ந்த ஆண்டின் டிசெம்பர் 16 ஆந் திகதி வெசுவியஸ் வெடித்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பேராயர் தலைமையில் புனிதரின் திருப்பண்டங்கள் பவனியாக எடுத்துச் செல்லப்பட, எரிகுழம்பு நகரத்தை அணுகாது நின்றது என்பது மக்களின் நம்பிக்கை. டிசெம்பர்த் திருநாள் அதன் நினைவே. டொமெனிக்கீனோ இந்நிகழ்ச்சியைச் சிற்றாலயத்தின் வளைமுகடு ஒன்றில் தீட்டினார். தான் வாழ்ந்த நாட்களில் நடந்ததையே சுவரில் பதிவு செய்த அந்த ஓவியத்தில் ஒரு செய்தியாளனுக்குரிய கண் இருக்கின்றது என்பேன். மூலை வளைவொன்றில் கன்னி மரியாள் நகருக்காகப் பரிந்து பேசும் காட்சியில், இளைஞன் ஒருவன் லூத்தரையும் கால்வினையும் காலடியில் மிதிக்கின்றான். அக்காலத்து மதப் பூசலின் முத்திரை அது. இன்றைய கண்ணுக்கு உவப்பானதன்று. ஆயினும் வரலாற்றை அறிய விரும்புவோர் அதையும் கண்டுகொள்ள வேண்டும்.

பீட ஓவியங்களை அவர் துணியில் வரையவில்லை. பெரிய செப்புத் தகடுகளில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டினார். துணியையும் மரத்தையும் போல் செம்பு ஈரத்தால் சுருங்குவதும் விரிவதும் இல்லை. வண்ணம் கண்ணாடி போல் மிளிரும். தலை வெட்டப்படும் காட்சி, கல்லறையில் நோயாளர் கூடும் காட்சி, விளக்கெண்ணெயால் ஒரு பெண் நோயாளருக்குக் குணமளிக்கும் காட்சி, இறந்த இளைஞன் உயிர்பெறும் காட்சி என அவை அமைந்தன. கல்லறைக் காட்சியிலும் எண்ணெய்க் காட்சியிலும் புனிதரை விட நோயாளரே கண்ணை ஈர்க்கின்றனர். கொள்ளைநோய்க் காலத்து உறுதிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இருக்கமுடியாது.

ஆனால் எந்நிலையில் இதைச் செய்தார்? வருவதற்கு முன்னரே ஸ்பானிய அரசப் பிரதிநிதியிடமிருந்து பாதுகாப்புக்கு உறுதிமொழி கேட்டுப் பெற்றவர் அவர். வந்து அதிக நாள் கழியுமுன்னரே பெயரில்லாக் கடிதம் வந்தது. ஊரை விட்டுப் போ, அல்லது உயிரை விடு என்பதே அதன் சாரம். சுவர்ப்பூச்சு வெடிக்கவேண்டும் என்பதற்காகச் சுண்ணாம்பில் சாம்பல் கலக்கப்பட்டதாகவும் அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதினர். ஒருபுறம் மிரட்டல், மறுபுறம், ஒப்பந்தத்துக்கு மாறாக ஸ்பானிய மன்னனுக்கும் படங்கள் வரைந்து தரவேண்டும் என்ற அரசப் பிரதிநிதியின் நெருக்குதல். 1634 இல் அவர் குதிரையேறி நகரை விட்டு ஓடினார். ரோமுக்கு அருகிலுள்ள பிரஸ்காத்தியில் புகலிடம் தேடினார். அவருடைய மனைவியும் மகளும் நேப்பிள்ஸில் தடுத்துவைக்கப்பட்டனர். மறு ஆண்டு அவர் திரும்பினார். திரும்பாமல் என்ன செய்வார்?

இலங்கையில் பத்திரிகைத் தொழிலில் நீண்ட காலம் இருந்த எவருக்கும் பெயரில்லாக் கடிதத்தின் தன்மையை விளக்கவேண்டியதில்லை. அது எழுதுபவனின் கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. அவன் கதவைத் தாழிடும் நேரத்தை மாற்றும். பிள்ளைகள் பாடசாலை செல்லும் பாதையை மாற்றும். ஒரு வாக்கியத்தை எழுதுமுன் மூன்று முறை யோசிக்கவைக்கும். அந்நிலையில் பத்து ஆண்டுகள் சாரத்தின் மேலே நின்று, கீழே யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு தேவதூதரின் முகத்தை வரைவது எத்தகைய வேலை என்பதை நினைத்துப் பார்க்கின்றேன்.

1641 ஏப்ரல் 6 ஆந் திகதி டொமெனிக்கீனோ நேப்பிள்ஸில் இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்ற ஐயம் அப்போதே எழுந்தது. அது நிறுவப்படவில்லை. அவர் தொடங்கியிருந்த குவிமாட ஓவியம் அழிக்கப்பட்டது. அந்த இடத்தில் ஜியோவன்னி லன்பிராங்கோ 1643 இல் சொர்க்கத்தைத் தீட்டினார். புனிதர்களின் வளையம் மேல் வளையமாக ஒளியை நோக்கி எழும் அந்தக் குவிமாடம் கூரையைப் பிளந்து வானத்தைக் காட்டுவது போன்றது. லன்பிராங்கோவின் ஆற்றலை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் அவர் யார் என்பதையும் மறக்கவியலாது. ரோமிலுள்ள சாந்த் அந்திரேயா தெல்லா வாலே ஆலயத்திலும் குவிமாடத்தைப் பெற்றவர் அவர். அதன் கீழே மூலை வளைவுகளைத் தீட்டியவர் டொமெனிக்கீனோ. ஜெரோம் ஓவியத்தை அகொஸ்தினோ கராச்சியிடமிருந்து திருடினார் என்று டொமெனிக்கீனோ மீது பழி சுமத்தியவரும் லன்பிராங்கோவே. இரண்டு நகரங்களில், இரண்டு குவிமாடங்களின் கீழே, ஒருவரின் தலைக்கு மேல் மற்றவர் அமர்ந்திருக்கின்றார்.

டொமெனிக்கீனோ வரையாது விட்டுச்சென்ற பீட ஓவியம் ஒன்று ஜுசெப்பே தே ரிபேராவுக்குக் கிடைத்தது. தீச்சூளையிலிருந்து புனிதர் எரியாமல் வெளிவரும் காட்சியை 1646 இல் அவர் செம்பில் தீட்டி முடித்தார். சிற்றாலயத்தின் தலைசிறந்த ஓவியம் அதுவே என்று கூறுவோருடன் நான் வாதாடமாட்டேன். சூளையின் முன் உருண்டு புரளும் மனிதரும், நீல வானின் கீழே அமைதியாக எழும் ஆயரும் மறக்க முடியாதவர்கள். ஆனால் இதே ரிபேராவின் பெயர்தான் கொரென்ஸியோவோடும் பத்திஸ்தெல்லோ கராச்சியோலோவோடும் சேர்த்து, வெளியூர் ஓவியரைத் துரத்திய மூவர் கூட்டணி என்று பிற்காலத்தில் சொல்லப்படுகின்றது.

இங்கு எச்சரிக்கை தேவை. இக்கதையை விரிவாக எழுதிய பெர்னார்தோ தே தொமினிச்சி 1740 களில் நூலை வெளியிட்டவர். நிகழ்ச்சிகளுக்கு நூறாண்டுகளுக்குப் பிந்தியவர். கற்பனை கலப்பவர் என்று ஆய்வாளர்கள் அவரைப் பலமுறை கண்டித்துள்ளனர். ரிபேரா மிரட்டல் கடிதம் எழுதினார் என்பதற்குச் சான்றில்லை. தீர்ப்பு வழங்குவது எனது நோக்கமுமன்று. ஆனால் ஒருவர் பின் ஒருவராக ஓவியர்கள் ஓடியதும், டொமெனிக்கீனோ 1634 இல் தப்பிச் சென்றதும் கதைகளல்ல, நடந்தவை.

அந்த மூவரைப் பற்றி ஒரு செய்தி மிகவும் சிந்திக்கத்தக்கது. வெளியூரார் எமது வேலையைப் பறிக்கின்றனர் என்பதே அவர்கள் சார்பில் சொல்லப்பட்ட நியாயம். கராச்சியோலோ நேப்பிள்ஸில் பிறந்தவர். கொரென்ஸியோவோ கிரேக்க நாட்டவர். ரிபேரா ஸ்பெயினின் ஹாத்திவா ஊரவர். 1616 இல்தான் நேப்பிள்ஸில் குடியேறியவர். தமது ஓவியங்களில் பெயருக்குப் பக்கத்தில் ஸ்பானியர் என்று எழுதி ஒப்பமிடும் பழக்கமுள்ளவர். மண்ணின் மைந்தர் என்ற கோஷத்தை எழுப்புவோரின் பூர்வீகத்தை ஆராய்ந்தால் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். முன்னைய கப்பலில் வந்தவன் பின்னைய கப்பலில் வந்தவனை அந்நியன் என்கிறான். புனித ஜனுவாரியுஸே நேப்பிள்ஸின் ஆயரல்லர்; பெனவெந்தோ நகரத்து ஆயர் என்பது மரபு. வெளியூர்ப் புனிதரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய நகரம், அவருக்கு ஓவியம் வரைய வந்த வெளியூராரை வாழவிடவில்லை.

எனது கருத்து இதுதான். நேப்பிள்ஸ் மக்களின் உறுதி புனிதருக்கும் நகருக்கும் இடையிலான கடனைத் துல்லியமாக வகுத்தது. தொகையைச் சொன்னது, உடைமையைச் சொன்னது, யார் காவல் என்பதைச் சொன்னது. அதனால்தான் 3,694 கற்களும் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கனவாக இருக்கின்றன. ஆனால் அந்தக் கடனைத் தம் கைகளால் தீர்த்துக் கொடுத்தவரின் பாதுகாப்பை அத்தகைய உறுதி எதுவும் வகுக்கவில்லை. ஓர் உருவத்துக்கு எத்தனை டுக்காட் என்று எழுதியவர்கள், வரைபவன் தாக்கப்பட்டால் யார் பொறுப்பு என்பதை எழுதவில்லை. அரசப் பிரதிநிதியின் வாய்மொழி இருந்தது. அதே பதவியிலிருந்தவரே பின்னர் நெருக்கினார். வாய்மொழிக்கும் நொத்தாரிசு உறுதிக்கும் உள்ள வேறுபாட்டை அந்த நகரத்தை விட நன்கு அறிந்தவர் எவருமில்லை. புனிதருக்கு உறுதி எழுதிக் கொடுத்தவர்கள் ஓவியருக்கு வாய்மொழியோடு நிறுத்திக்கொண்டனர்.

மகத்தான கலை துன்பத்திலிருந்தே பிறக்கும், ஆகவே பலனைப் பார்க்கவேண்டும் என்று சிலர் சமாதானம் சொல்வதுண்டு. இதை நான் ஏற்பதில்லை. டொமெனிக்கீனோவின் மிரட்டப்படாத ஆண்டுகளில் பிறந்ததே ஜெரோம் ஓவியம். மிரட்டலால் நமக்குக் கிடைத்தது எதுவென்று எவராலும் காட்டவியலாது. இழந்ததைக் காட்டலாம்: குயிதோ ரேனி வரைந்திருக்கக்கூடிய சிற்றாலயம், டொமெனிக்கீனோவின் குவிமாடம். லன்பிராங்கோவின் சொர்க்கம் அதைவிடச் சிறந்தது என்று சொல்வோரும், ஒப்பிடுவதற்கு மற்றையது இல்லாதபடியால் சொல்கிறார்கள்.

சிற்றாலயத்தோடு இணைந்த அருங்காட்சியகம் 2003 இல் திறக்கப்பட்டது. திரவியங்கள் 2013 இல் ரோமிலும் 2014 இல் பாரிஸிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. கற்களின் எண்ணிக்கையும் அளித்த மன்னரின் பெயரும் எல்லா விளக்கங்களிலும் முதலிடம் பெறுகின்றன. ஓவியர்களின் துன்பமோ வழிகாட்டிகளின் வாயில் மர்மக் கதையாகச் சுருங்கிவிட்டது: நஞ்சு வைத்தது யார் என்ற ஊகம் உல்லாசப் பயணிகளை மகிழ்விக்கின்றது. நஞ்சு உண்மையோ பொய்யோ, காயமடைந்த உதவியாளர் ஒருவர் இருந்தார். கப்பலில் கடத்தப்பட்ட இளைஞர் இருவர் இருந்தனர். தடுத்துவைக்கப்பட்ட தாயும் மகளும் இருந்தனர். நன்கொடையாளரின் பெயர் நிலைக்க, செய்தவரின் பெயர் மறைவது நேப்பிள்ஸுக்கு மட்டும் உரிய குறையன்று. உபயகாரரின் பெயர் பொறித்த பளிங்குக் கற்களை நமது ஆலயங்களில் காணலாம். சொரூபத்துக்கு வண்ணம் தீட்டியவரின் பெயரைக் கேட்டால் பதில் கிடைப்பது அரிது.

ஆகவே எனது வேண்டுகோள் எளியது. புனிதத் தலமொன்றின் அழகை எழுதுவோரும் விளக்குவோரும், அளித்தவரின் பெயரோடு செய்தவரின் பெயரையும், செய்த காலத்தில் அவர் இருந்த நிலையையும் சொல்லட்டும். ஆலயங்களுக்கு வேலை செய்விக்கும் சபைகள், கூலியை எழுதும் பத்திரத்திலேயே பாதுகாப்பையும் எழுதட்டும். இது பக்திக்குக் குறைவன்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் தன் புனிதரோடு கணக்கு வைத்துக்கொள்ள வெட்கப்படாத நகரம், தன் ஓவியரோடும் கணக்கை நேர்செய்ய வெட்கப்படத் தேவையில்லை. பொன்முகப் புனிதரை உரிமையோடு ஏசும் அந்த முதிய பெண்கள் ஒருநாள் குவிமாடத்தை நோக்கியும் தலையை உயர்த்தி, அங்கே அழிக்கப்பட்ட ஓவியத்தைப் பற்றியும் கேட்கட்டும். கேட்பதற்கு ஒருவர் இருக்கும்வரையில்தான் கடன் கடனாக இருக்கும்.